உரைகல்லில் ஒரு கோடு

வெள்ளி, 12 செப்.

விடியத் தொடங்கிய மழை. எர்லாங்கன் பயணத்துக்கு அடுக்கியவை: இவருடைய மருந்துப் பெட்டி, இரண்டு கம்பளிச் சட்டை, புளிச்சாதம். மகள் ஆரணிக்கு அங்கே வேலை. "ஆப்பரேஷனுக்கு முதல் அப்பாவுக்கு ஒரு மாற்றம் வேணும்" என்று, நாளைக்குப் பழைய தங்கச் சுரங்க ஊர் ஒன்றுக்குச் சுற்றுலா ஒழுங்குபடுத்தியிருக்கிறாள். வேறு ஊரே கிடைக்கவில்லை அவளுக்கு. தங்கம்!

என் தாலிக்கொடி தொலைந்து இன்றோடு முப்பத்தாறு நாள். முதியோர் இல்லத்தில் வேலை நேரம் கழுத்தில் நகை கூடாது. வழமைபோல் கழற்றி, கைலேஞ்சியில் சுற்றி, அங்கிப் பைக்குள் வைத்தேன். அங்கியை அப்படியே சலவைக் கூடையில் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன். என் பிழைதான். சலவைப் பக்கம் மூன்று தரம் கேட்டாயிற்று. இல்லை.

இப்போது கழுத்தில் கிடப்பது இமிட்டேசன். நாங்கள் இருக்கிற வுப்பர்டாலில் வாங்கினால் பின்னேரத்துக்குள் கதை வீட்டுக்கு வந்துவிடும். டோர்ட்முண்டுக்கு ரயிலேறிப் போய் வாங்கினேன்.

இவரிடம் சொல்ல ஏலாது. புதன்கிழமை இதய வால்வு மாற்றுகிறார்கள். முதலில் கொடுத்த நாள் அட்டமி என்று, குறித்த டெர்மினையே வேறு திகதிக்கு மாற்றச் சொன்ன மனிதர். ஜெர்மன் டொக்டருக்கு அட்டமியை அவருடைய டொச்சில் விளங்கப்படுத்தியது ஆரணி, பாவம். இனியும் தள்ளிப் போட்டால் தான் பொறுப்பில்லை என்றார் டொக்டர். தாலி தொலைந்தது தெரிந்தால் இவர் அந்தக் கட்டிலில் ஏறவே மாட்டார்.

சனி, 13 செப்.

வெயில், ஆனால் குளிர். கால் நோவு.

சின்ன ஊர். ஒரு காலத்தில் தங்கம் என்ற சொல்லைக் கேட்டு நாலு பக்கத்தாலும் சனம் வந்து குவிந்ததாம். இன்று ஒரு தேவாலயம், பூட்டிய வெதுப்பகம், நாங்கள். தலைக்கவசம் போட்டுக் குனிந்து சுரங்கத்துக்குள் போனோம். சுவரெல்லாம் ஈரம். இவர் இரண்டு தரம் நின்று மூச்சு வாங்கினார். "ஒண்டுமில்லை, நீர் நடவும்." எங்கே நடப்பது, எனக்கல்லவா நெஞ்சு அடித்தது.

வெளியே தொட்டியில் மணல் அலசல். இவருக்கு ஒரு பொட்டுத் தங்கம், மிளகாய் விதை அளவுகூட இல்லை. சின்னப் போத்தலில் போட்டுக் கொடுத்தார்கள். ஆளுக்கு ஒரே புளுகம், முகமெல்லாம் சிரிப்பு.

பிறகுதான் வினை. அருங்காட்சியகத்தில் வழிகாட்டிக் கிழவர் கறுப்பு உரைகல் ஒன்றை எடுத்து வைத்தார். நகையை அதில் உரசி ஒரு சொட்டுத் திராவகம் விடுவாராம். தங்கமென்றால் கோடு நிற்கும், இல்லையென்றால் போய்விடும். யாராவது நகை தருகிறீர்களா என்று கேட்டார். இவர் என் தோளில் தட்டினார்.

"இஞ்சரும், கொடியைக் காட்டும். பதினெட்டுப் பவுன். இவை கண்டிருக்கமாட்டினம்."

"சும்மா இருங்கோப்பா. தாலியைக் கழட்டிறதே?"

"கழட்ட வேண்டாம். குனிஞ்சால் காணும்."

ஆரணியும் "காட்டுங்கோவன் அம்மா" என்றாள். பத்துப் பேர் பார்க்கிறார்கள். முருகா! குனிந்தேன். கிழவர் நுனியைப் பிடித்து உரசினார். மஞ்சள் கோடு. சொட்டு விட்டார். கோடு நுரைத்துப் போய்விட்டது. கிழவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். என்ன முகம் வைத்திருந்தேனோ தெரியாது. கல்லைத் தன் பக்கம் திருப்பித் துணியால் துடைத்தார். "தங்கம். அருமையான தங்கம்" என்றார் டொச்சில்.

இவர் பத்துப் பேரையும் பார்த்துச் சிரித்தார். எனக்கு அழுகை வந்தது. மூக்கைச் சீறிச் சமாளித்தேன்.

ஞாயிறு, 14 செப்.

திரும்பும் ரயில். பக்கத்தில் இவர், சட்டைப் பையில் போத்தல். சொல்ல வாய்வரை வந்தது.

"என்ன யோசிக்கிறீர்?"

"மீனை ஃபிரீசராலை வெளியிலை எடுத்து வைக்காமல் வந்திட்டன்."

பொய்க்குமேல் பொய். பேர் தெரியாத கிழவரையும் பொய் சொல்ல வைத்தாயிற்று.

செவ்வாய், 16 செப்.

தூறல். ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மூன்று மணிக்கு ராகுகாலம் என்று இரண்டுக்கே வாசல் தாண்டிவிட்டார். படிவத்தில் ஆறு கையெழுத்து.

வீட்டில் கண்ணாடி பார்த்தேன். கழுத்தைச் சுற்றிப் பச்சைக் கறை. தேசிக்காயைப் பிழிந்து தேய்த்தும் போகவில்லை.

புதன், 17 செப்.

காலை ஆறரை. மழை இல்லை. இவர் கட்டிலில், ஆஸ்பத்திரி அங்கியோடு. என்னிடம் தந்தவை: மோதிரம், கைக்கடிகாரம், கண்ணாடி, பல்செட், அந்தச் சின்னப் போத்தல்.

பல் இல்லாத வாயால் மெல்லச் சொன்னார். "அந்தக் கோடு போனதை நானும் கண்டனான்."

என் கை தானாகக் கொடியைப் பொத்தியது.

"எப்ப துலைஞ்சது?"

"ஒரு மாசம் தாண்டீட்டுது. வேலையிலை. சொல்லப் பயந்திட்டன்."

"நானும் பயத்திலைதான் கேக்கேல்லை. கேட்டால் ஓம், துலைஞ்சிட்டுது எண்டு சொல்லிப்போடுவீர்."

தாதி கட்டிலைத் தள்ள வந்தாள். இவர் கையை நீட்டி என் கொடியைப் பிடித்தார். கை சில்லென்று இருந்தது.

"நான் வரும் மட்டும் இதைக் கழட்டாதையும்."

கொண்டுபோய்விட்டார்கள்.

ஒரு மணி. ஆரணி கோப்பி வாங்கப் போயிருக்கிறாள். நாலு மணித்தியாலம் என்றார்கள், ஆறு ஆகிவிட்டது. ஒருவரும் வந்து ஒன்றும் சொல்லவில்லை. கழுத்து எரிகிறது, சொறிந்து சொறிந்து புண்ணாகிவிட்டது. கழற்றவில்லை.