ஆடக் கூடாத எண்

டுலூத்

அன்பு மகள் பிரிட்டாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். அலாஸ்காவில் நீயும் குழந்தையும் சுகமாக இருக்க வேண்டும். இங்கேயும் சுகம்தான் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. போனில் சொல்லலாம் என்றால் உன் அம்மா என் தோளிலேயே காதை வைத்திருப்பாள்.

அம்மாவுக்குக் கை நடுங்குகிறது. கிறிஸ்துமஸுக்கு முன்பே கோப்பையில் காபி தளும்புவதைப் பார்த்தேன். டாக்டரிடம் போகலாம் என்றால் கத்துகிறாள். கராஜில் தன் கடைசல் இயந்திரத்தில், அந்த லேத்தில், கடையும் இரும்புத் தண்டெல்லாம் அலை அலையாக வருகிறதே என்றால், "நடுங்குறது என் கையில்ல, லேத்து. பனியில கராஜ் தரை தூக்கிக்கிச்சு. ஸ்கூல் பஸ் ஓட்டினவனுக்கு இதெல்லாம் எங்க தெரியப்போகுது" என்கிறாள். தரை தூக்கியது உண்மைதான், லேத்தின் ஒரு கால் அந்தரத்தில் நின்றது. இருவரும் படுத்துக்கொண்டு தகடு வைத்து மட்டம் பார்த்தோம், பெல்ட்டை மாற்றினோம், மோட்டாருக்கு அடியில் ரப்பர் கொடுத்தோம். தண்டில் விழும் அலைக்கோடு மட்டும் போகவில்லை. கடைசியில் அளவை எண்ணாகக் காட்டும் டிஜிட்டல் டிஸ்ப்ளே ஒன்றை வாங்கி அவளே மாட்டினாள். மாட்டும்போதே சொன்னாள்: "மோட்டார் ஓடுறப்ப யாரும் தொடலைன்னா எண்ணு ஆடக் கூடாது. ஆடலைன்னா லேத்து மேல தப்பில்ல. அன்னிக்கே கோட்டு மாட்டிக்கிட்டு டாக்டர்கிட்ட வர்றேன், போதுமா கிழவா?"

ஞாயிற்றுக்கிழமை அவள் சர்ச்சுக்குப் போயிருந்தபோது நான் மோட்டாரைப் போட்டுப் பார்த்தேன். எண் ஆடவில்லை பிரிட்டா. கடைசி இலக்கம்கூட அசையவில்லை. இதற்காகத்தான் குளிர்காலம் முழுக்கக் கெஞ்சினேன், ஆனாலும் அவள் அதைப் பார்க்கக் கூடாது என்று தோன்றிவிட்டது. அந்த டிஸ்ப்ளேக்கு அளவெடுத்துக் கொடுக்கும் தலையைப் பிடித்திருக்கும் திருகைக் கொஞ்சம் தளர்த்திவிட்டேன். அவள் வந்து பார்த்தாள், எண் குதித்தது. "பாத்தியா, நான் அப்பவே சொன்னேன்ல!" என்று என்னைக் கட்டிக்கொண்டு சிரித்தாள். அன்று பான்கேக் சுட்டாள். பாதி மாவு அடுப்பில் சிந்தியது, நான் துடைத்தேன்.

இப்போது தினமும் அந்த ஜில்லென்ற தரையில் படுத்து, இல்லாத அதிர்வைத் தேடுகிறாள். லேத்தின் ஒவ்வொரு திருகையும் முறுக்கிப் பார்க்கிறாள், தான் மாட்டியதை மட்டும் தொடுவதில்லை. தன் கை முறுக்கியது தளராது என்று அவ்வளவு நம்பிக்கை. உண்மையைச் சொல்லத்தான் தினமும் கராஜுக்குப் போகிறேன், அவளுக்கு டார்ச் பிடித்துவிட்டுத் திரும்பிவிடுகிறேன். நாளாக ஆக வியாதி முற்றுமே என்று பயத்தில் செத்துக்கொண்டிருக்கிறேன்.

கடவுள் உன்னையும் குழந்தையையும் காக்கட்டும். பனிச்சாலையில் வண்டியை மெதுவாக ஓட்டு. ஆனால் சீக்கிரம் புறப்பட்டு வந்துவிடு கண்ணு. வந்து அந்தத் திருகை நீ முறுக்கு. அதை முறுக்கும் சின்னச் சாவி என் சட்டைப் பையிலேயே இருக்கிறது.

உன் அப்பா,
ஆரின்