அடியில் வீங்கிய குழல்

வில்லிஸ்டன்,
அக்டோபர் 9

அன்புள்ள அப்பாவுக்கு மார்லிஸ் எழுதுவது.

முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நான் நலம். எண்ணெய்க் கிணற்று முகாமில் சமையல் வேலை. அடுப்படி சூட்டுக்குக் குறைவில்லை.

உங்கள் பழைய பம்ப் வேட்டைத் துப்பாக்கிக்கு மாற்றுக் குழல் கிடைத்துவிட்டது. அளவுக்காக நான் கொண்டுவந்த கெட்ட குழலை ரிப்பேர் கடை ஹார்லனிடம் காட்டினேன். "பன்னெண்டு வயசுல நான் இத பனியில குத்தி வெச்சுட்டேன். மறுநாள் அண்ணன் சுட்டதும் வீங்கிடுச்சு" என்றேன்.

அவர் சிரித்தார். "பனி அடைச்சா நுனிதாம்மா வீங்கும். இது அடியில, தோட்டா போடுற பக்கம் வீங்கியிருக்கு. எவனோ சின்னத் தோட்டாவ, அந்த மஞ்சக் கலர் இருபது கேஜ் அளவ, தப்பா போட்டிருக்கான். அது உள்ள வழுக்கிப் போய் மாட்டிக்கிச்சு. தெரியாம பின்னாடியே பெரிசையும் போட்டுச் சுட்டுட்டான்."

நானும் சிரித்துவைத்தேன்.

நம் வீட்டில் மஞ்சள் தோட்டா டேரின் அண்ணனிடம் மட்டும்தான் இருந்தது. அதன்பின் பதினெட்டு வருஷமும் நவம்பரில் அவனைத்தான் மான் வேட்டைக்குக் கூட்டிப் போனீர்கள். "இவகிட்ட துப்பாக்கிய குடுத்தா உருப்படாது" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னீர்கள்.

குழல் தபாலில் வரும். உங்கள் ஆரஞ்சு வேட்டைக் கோட்டை அனுப்பிவையுங்கள். பழசானாலும் பரவாயில்லை, இங்கே பேச்சுத்துணையும் இல்லை, குளிர் வேறு.

முகாம் வண்டி ஹாரன் அடிக்கிறது, முடிக்கிறேன். அன்று குழலைக் கழற்றிப் பார்த்தவர் நீங்கள். "பனி நுனியிலதான் அடைக்கும், நுனியப் பாரு" என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததும் நீங்கள்தானே, அப்பா?

மார்லிஸ்