ராஜாவுக்கு வந்த அழுகை

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். எனக்கு ஒரு குறையும் இல்லை, கவலைப்படாதீர்கள்.

நான் உடை தைக்கும் நாடகக் கொட்டகையில் இப்போது ஒரு ராஜாவின் கதை நடக்கிறது. தூக்குக்கு நாள் குறிக்கப்பட்டுச் சிறையில் கிடக்கும் மகனைக் கொல்வதா, மன்னிப்பதா என்று ராஜா யோசித்துக்கொண்டே இருக்கிறார். மன்னிப்போடு ஆள் போய்ச் சேர்வதற்குள் மகனைத் தூக்கில் போட்டுவிடுகிறார்கள். உடனே "எல்லாம் விதி" என்று ராஜா அழுகிறார். நேற்று திரைக்குப் பின்னால் நின்ற நான் சிரித்துவிட்டேன். ராஜா வேடக்காரர் உள்ளே வந்ததும் கேட்டார்.

"ஏம்மா சிரிச்சே?"

"ஆளை அனுப்பாம உக்காந்திருந்தது நீங்க. விதி என்னங்க பண்ணும்?"

"வசனம் அப்படித்தானேம்மா இருக்கு" என்று அவர் போய்விட்டார்.

நான் விரும்பியவரைக் கட்டிவைக்கச் சொல்லி உங்களிடம் கேட்டபோதெல்லாம் நீங்கள் "பாக்கலாம்மா" என்றீர்கள். வேண்டாம் என்றுகூடச் சொல்லவில்லை. போன வாரம் போனில், அவருக்கு வேறு இடத்தில் கல்யாணம் முடிந்ததைச் சொல்லிவிட்டு, "விதிம்மா" என்றீர்கள். அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை, அப்பா.

இங்கே குளிர் அதிகம். அம்மா விட்டுப்போன புடவைகளில் ஒன்றை அனுப்புங்கள், போர்த்திக்கொள்கிறேன். எதை அனுப்புவது என்று யோசிக்க வேண்டாம். கைக்கு அகப்படுவது போதும்.

வேலைக்கு நேரமாகிவிட்டது.

உங்கள் இளைய மகள்