நடுவில் வாங்கிய மூச்சு

என் செல்ல மகளுக்கு, அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நலம், என் இடது மணிக்கட்டு மட்டும் கட்டுப்போட்டுக் கிடக்கிறது, தாள் நழுவி நழுவி எழுத்து கோழி கிண்டியதுபோல இருக்கும், பொறுத்துக்கொள். நீ நலமா என்று கேட்கமாட்டேன், ஃபோனில் நலம் நலம் என்று நீ சொல்லிக் கேட்டு அலுத்துவிட்டது. இதை உன் வீட்டுக்கு அனுப்பாமல் வேலை செய்யும் இடத்துக்கு அனுப்புகிறேன், மாப்பிள்ளை கண்ணில் படக்கூடாது. தனியாக உட்கார்ந்து படி.

முதுகுவலிக்காக டயர் கடை மாடியில் யோகா வகுப்புக்குப் போகிறேன் என்று சொன்னேனே, நீ புதிதாகப் பாடி அனுப்பிய சிவநாமத்தை அங்கே மாஸ்டரிடம் கொடுத்தேன். பெருமைதான், வேறென்ன. வகுப்பு முடிவில் எல்லோரும் மல்லாந்து படுத்துக் கண்ணை மூடிக்கொள்ள, அவர் அதை ஸ்பீக்கரில் சத்தமாகப் போடுவார். பாட்டு முடியும்வரை இடியே விழுந்தாலும் கண் திறக்கக்கூடாது என்பது அவர் சட்டம். கீழே டயரைச் சம்மட்டியால் அடிக்கும் சத்தம் எப்போதும் கேட்கும், வெளிச்சத்தம் வரும் போகும், அதைப் பிடித்துக்கொள்ளாதீர்கள் என்று தானும் கண்ணை மூடியபடியே சொல்வார். போன செவ்வாய்க்கிழமையும் தொம் தொம் என்று கேட்டது, அவரும் பிடித்துக்கொள்ளாதீர்கள் என்றார், நாங்களும் கட்டைபோலக் கிடந்தோம். அந்தச் சத்தம் கீழேயிருந்து வரவில்லை மகளே. என் பக்கத்துப் பாயில் படுக்கும் பேக்கரிக்காரியை அவள் புருஷன் கீழே கடையிலிருந்து எடுத்துவந்த வீல் ஸ்பேனரால் அடித்துக்கொண்டிருந்தான்.

எனக்கு எப்படித் தெரிந்தது என்றால், பாட்டில் அந்த நீளமான வரியின் நடுவில் நீ நின்று மூச்சு வாங்கினாய். அந்த ஒரு நொடி நிசப்தத்தில் முனகல் கேட்டது. கண்ணைத் திறந்தேன். வாயில் துண்டைத் திணித்திருக்கிறான், மூக்கிலிருந்து ரத்தம் பாய் முழுக்க வழிகிறது, ஒரு காலை அவள் வயிற்றில் ஊன்றிக்கொண்டு மறுபடி ஓங்குகிறான், சுற்றிலும் அத்தனை பேரும் நிம்மதியாகக் கண்ணை மூடியிருக்கிறார்கள். கையை நீட்டித் தடுத்தேன், அடி மணிக்கட்டில் விழுந்தது, எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. எங்கிருந்துதான் அந்த வெறி வந்ததோ, மறு கையால் ஸ்பீக்கரின் பிடியைப் பற்றி வீசி அவன் மண்டையில் இறக்கினேன். மந்திரத்தில் மாங்காய் விழுமா என்பார்கள், இவன் விழுந்தான். விழுந்தவனை விட்டிருக்கலாம், விடவில்லை. மூஞ்சியில் ஒன்று, ஸ்பேனர் பிடித்த கையில் இரண்டு. விரல்கள் நசுங்கியது எனக்கு இனித்தது, பொய் சொல்வானேன். நீ அதற்குள்ளிருந்து பாடிக்கொண்டேயிருந்தாய். டயர் கடைக்காரர் ஓடிவந்து என்னைத்தான் முதலில் பிடித்து இழுத்தார், மாஸ்டர் அப்போதுதான் கண்ணைத் திறந்தார். எதால் அடித்தீர்கள் என்று போலீஸ்காரர் கேட்டார், ஸ்பீக்கரால் என்றேன். அதில் என்ன ஓடியது என்றார், சிவநாமம், பாடுவது என் மகள் என்றேன். எழுதுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்.

பேக்கரிக்காரி பிழைத்துவிட்டாள், விலா எலும்பு மூன்று போயிருக்கிறது. அதில் ஒன்று பழைய முறிவு என்று டாக்டர் சொன்னார். அதனால்தான் அவளால் மூச்சை ஆழமாக இழுக்க முடியாமல் இருந்திருக்கிறது. மாஸ்டர் அவளைச் சோம்பேறி என்று கேலி செய்வார், நாங்களும் சிரிப்போம். எங்களிடம் படியில் சறுக்கிவிட்டேன் என்று சொல்லியிருந்தாள்.

நீயும் படியில் சறுக்கினேன் என்றுதான் சொன்னாய். வீட்டுக்கு வந்து உன் பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். அந்த வரியை ஒரே மூச்சில் பாடுகிறவள் நீ, என் தையல் மெஷின் சத்தத்துக்கு மேலே பாடிப் பாடி வளர்ந்த மூச்சு அது. இப்போது ஒவ்வொரு முறையும் நடுவில் நிற்கிறாய், வலிக்குப் பயந்தவள்போல மெல்ல இழுக்கிறாய். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்காதே கண்ணு, பெற்ற வயிறு எரிகிறது. அப்பா பரணிலிருந்து பயணப் பெட்டியை இறக்கித் துடைத்து வைத்திருக்கிறார்.

நூறு வயசு இருப்பாய், வேளைக்குச் சாப்பிடு, கதவுக்கு உள்பக்கம் தாழ் போட்டுத் தூங்கு. ஒன்றை மறக்காதே. இது கைக்கு வந்த அன்றே அந்த ஒரு வரியை ஒரே மூச்சில் பாடி எனக்கு அனுப்பு. முடியவில்லை என்றால் சாக்கு எதுவும் எழுதாதே, சும்மா இரு, நான் கிளம்பி வருகிறேன். அந்த ஸ்பீக்கரை மாஸ்டரிடம் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். ஓரம் நசுங்கியிருக்கிறது, இன்னும் பாடுகிறது.

உன்னைப் பெற்றவள்,
அம்மா