வெட்டப்படாத படம்

மார்ச் 3, செவ்வாய்

ஸ்டுடியோவில் பதினொரு கல்யாண ஆல்பம் பாக்கி. ஒரு மணப்பெண்ணின் கழுத்துச் சுருக்கத்தை முக்கால் மணி நேரம் அழித்தேன். மனது கேட்காமல் பாதியைத் திரும்ப வரைந்தேன்.

மதியம் முதலாளி வந்து நின்றார். எப்போதும் திரையைப் பார்ப்பவர், இன்று என்னைப் பார்த்தார். "லீவு ஏதாச்சும் வேணுமாம்மா?"

ஏன் கேட்டார்?

மார்ச் 4

தெரிந்துவிட்டது. கல்லூரித் தோழி ஒருத்தி அனுப்பினாள். "இது நீயாடி? எங்க குரூப்ல சுத்துது."

நான்தான். என் அறை, என் கண்ணாடி. மேலே துணி இல்லை. போன வருடம் ஒரே ஒருவனுக்கு அனுப்பியது. தாடிக்கு. அவனை அப்படித்தான் கூப்பிடுவேன். பிரிந்து எட்டு மாதம் ஆகிறது. இப்போது எதற்கு இந்தப் பழி?

மார்ச் 5

பஸ்ஸில் எதிரே இருந்தவர் போனைப் பார்த்துச் சிரித்தார். மருந்துக்கடைக்காரர் மீதிச் சில்லறையை என் கையில் தராமல் மேசையில் வைத்தார். எப்போதும் அப்படித்தானா? ஞாபகமில்லை. எதையும் கவனிக்காமல் எத்தனை வருடம் வாழ்ந்திருக்கிறேன்!

மார்ச் 6

காவல் நிலையம். பெண் அதிகாரி. மேசையில் பாதி கடித்த பிஸ்கட்.

"நீங்களே எடுத்ததா?"

"ஆமா."

"நீங்களே அனுப்பினதா?"

"ஆமா."

எழுந்து போகச் சொல்வார் என்று நினைத்தேன். அவர் ஒரு தாளை என் பக்கம் திருப்பி விரலால் வரியைத் தொட்டார். "எடுக்க ஒத்துக்கிட்டா பரப்பவும் ஒத்துக்கிட்டதா ஆகாது. சட்டத்துலயே இருக்கு. ஒருத்தருக்குக் குடுத்தது ஊருக்கே குடுத்ததாயிடுமா? பேரைச் சொல்லுங்க."

தாடியின் பெயரைச் சொன்னேன். இன்ஷியலோடு, தயங்காமல்.

மார்ச் 9

தாடி போன் செய்தான். "நான் பண்ணலடி. பிரிஞ்ச அன்னிக்கே அழிச்சிட்டேன். போலீஸ் ஸ்கூலுக்கு வந்தா என் வேலையே போயிடும். பிள்ளைங்க முகத்துல எப்படி முழிப்பேன்?"

நம்பவில்லை. கெஞ்சுகிற குரலில் எனக்கு எப்போதும் ஒத்திகை கேட்கிறது.

மார்ச் 11

ஆதாரத்துக்குப் படம் வேண்டும் என்றார்கள். இதுவரை அரைக்கண்ணால் பார்த்து மூடியதை இன்றுதான் முழுதாகப் பார்த்தேன். அவமானத்திலும் கண் அதன் வேலையைச் செய்கிறது. இடது ஓரத்தில் துணிக்கொடி, தொங்கும் துண்டு, நீல வாளி.

தாடிக்கு அனுப்பியதில் வாளி இல்லை.

வெட்டித்தான் அனுப்பினேன். ஓரம் வெட்டாமல் ஒரு படத்தையும் வெளியே விடமாட்டேன். காதலனுக்குப் போனாலும். தொழில் புத்தி.

தொழில் புத்தி இன்னொன்றும் உண்டே! மூலத்தில் கை வைக்கக்கூடாது. நகல் எடுத்து அதில்தான் வேலை. மூலம் தனி ஃபோல்டரில் பத்திரம். வாடிக்கையாளர் படம்போலவே என் படத்தையும் பத்திரப்படுத்தியிருக்கிறேன். பழைய லேப்டாப்பில்.

அது அக்கா வீட்டில் இருக்கிறது. நான்தான் கொடுத்தேன்.

மார்ச் 12

அக்கா வீடு. லேப்டாப் எங்கே என்று கேட்டேன்.

"அதுவா? ரிப்பேர்னு உங்க அத்தான் போன வாரம்தான் யாருக்கோ தூக்கிக் குடுத்தாரு."

போன வாரம்.

அத்தான் உள்ளிருந்து வந்தார். "என்ன மச்சினி, வேலைக்குப் போகலையா?" என் முகத்தைப் பார்க்கவில்லை. கழுத்துக்குக் கீழேயும் பார்க்கவில்லை. எப்போதும் பார்ப்பவர்.

சமையலறையில் அக்காவிடம் படம் பரவியதையும் என் சந்தேகத்தையும் சொன்னேன். பாத்திரத்தைப் போட்டுவிட்டுத் திரும்பினாள். "பைத்தியமாடி உனக்கு? எவனோ பண்ணதுக்கு என் வீட்ல ஆள் தேடுறியா?"

கோபம்தான். ஆனால் அதிர்ச்சி? அது இருந்ததா?

மார்ச் 13

அம்மா போனில். "அக்கா அழுதுக்கிட்டே இருக்கா. குடுத்த புகாரு குடுத்தபடியே இருக்கட்டும்டி. அந்தப் பையன் நமக்கு யாரு?"

யாருமில்லை. அதனால்தான் வசதி. நானும் அப்படித்தான் பெயரைக் கொடுத்தேனோ?

தூங்கவில்லை. சாப்பிடவும் இல்லை.

மார்ச் 14

தாடியின் பெயரை எடுக்கச் சொன்னேன். அதிகாரி பேனாவை மூடினார்.

"அப்போ யாரு?"

"அக்கா வீட்டுக்காரர்."

"நிச்சயமா? போன தடவையும் நிச்சயமாத்தான் சொன்னீங்க."

சுருக்கென்றது. "நிச்சயமில்லை மேடம். சந்தேகம்னே எழுதிக்குங்க."

வாளியையும் துண்டையும் ஃபோல்டரையும் சொன்னேன். அவர் ஒன்றுவிடாமல் எழுதினார். துண்டின் நிறத்தைக்கூட.

மார்ச் 16

அம்மா பேசுவதில்லை. அக்காவும்.

மார்ச் 27

முதலில் அனுப்பிய எண் கிடைத்துவிட்டது. அத்தானுடைய இரண்டாவது சிம். இத்தனை நாள் கழித்து இன்று போன் செய்து, அக்காவுக்கே தெரியாத சிம் என்கிறாள் அம்மா. அம்மாவுக்கு யார் சொன்னது?

தாடிக்கு மன்னிப்புக் கேட்டு எழுதினேன். படித்துவிட்டான். பதில் இல்லை. நியாயம்தான்.

ஏப்ரல் 19, ஞாயிறு

வழக்கு நீதிமன்றத்துக்குப் போய்விட்டது. அத்தான் ஜாமீனில் வீடு திரும்பினாராம்.

காலை பத்து மணிக்கு அக்கா ஒரு பெட்டியோடு வந்து நின்றாள். "எத்தனை நாளைக்குன்னு கேக்காதே."

கேட்கவில்லை. காபி போட்டேன். முகூர்த்த மாதம், ஞாயிறும் வேலை உண்டு. கிளம்பச் சட்டை மாற்றினேன். அவள் சட்டென்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். பதினாறு வருடம் ஒரே அலமாரியில் துணி வைத்தவர்கள் நாங்கள்.

சுவரைப் பார்த்தபடியே சொன்னாள். "யாரோ அனுப்பினாங்கன்னு அவர் என்கிட்ட காட்ட வந்தாரு. நான் பார்க்கல. சத்தியமா பார்க்கலடி."

"எப்போ?"

பெட்டியின் ஜிப்பைத் திறந்தாள், மூடினாள்.

"எப்போக்கா? நான் லேப்டாப்பைத் தேடி அங்க வந்ததுக்கு முன்னாலயா?"

காபி ஆறிக்கொண்டிருந்தது. பொத்தான்களைப் போட்டு முடித்தேன். அலமாரியில் கீழ்த்தட்டைக் காலி செய்து கொடுத்துவிட்டு வேலைக்குக் கிளம்பினேன்.