நீ சொன்ன சாலு

இவளே,

ஏணி உச்சியில் நின்று, ஓட்டை அடைக்கிற சிலிக்கான் டியூபைத் திறந்ததும் புளித்த காடி வாடை அடித்தது. இந்த வாடை வந்தாலே நீ முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு, "மொதல்ல தகரம் காயட்டுங்க. ஈரத்துல பூசினா எப்படி ஒட்டும்?" என்பாய். அன்று டியூபைப் பிடித்துக்கொண்டு அந்தக் குரலுக்காகச் சற்று நேரம் நின்றேன். பைத்தியக்காரத்தனம்தான். பிறகு நானே தடவிப் பார்த்துவிட்டுப் பூசினேன்.

வீடு ஒழுகிக்கொண்டிருந்தது. முன்னறை ஷீட்டின் ஓரத்தில் மழைத்தண்ணீரை வாங்கிக் குழாய்க்கு அனுப்புகிற நீளத் தகரம், 'தண்ணித்தகரம்' என்று நீ பெயர் வைத்தாயே, அதுதான். நீ போன பிறகு வந்த முதல் மழையிலேயே ஆரம்பித்துவிட்டது. சுவர் ஊறி, சுண்ணாம்பு உப்பி, ஸ்விட்ச் போர்டுக்குள் தண்ணீர் இறங்கியது. பெங்களூரிலிருந்து வந்த நம் மகள் அதைப் பார்த்துவிட்டு ஓடிப்போய் மெயினை அணைத்தாள்.

"ஷாக் அடிச்சு விழுந்து கெடந்தா யாருப்பா பாக்கறது? பெரிய மழைக்குள்ள இது சரியாகலைன்னா வீட்டப் பூட்டிட்டு எங்கூட வந்துடணும். அவ்ளோதான்."

உன் பிடிவாதத்தில் ஒரு குந்துமணி குறையவில்லை அவளிடம். வரமாட்டேன் என்றேன். இந்த மூக்கண்டப்பள்ளி வீட்டையும் விட்டுவிட்டால் உன்னுடையது என்று சொல்ல எனக்கு வேறு என்ன இருக்கிறது?

ஆள் கூட்டிவந்தேன். சொட்டு விழுகிற இடத்துக்கு நேர் மேலே ஒரு டியூப் முழுவதையும் பிதுக்கிவிட்டுப் போனான் அந்த மகராசன். அடுத்த தூறலிலேயே ஒழுகியது. நீ இருந்திருந்தால், "தண்ணி தகரத்துக்கு அடியிலயே நடந்து போயி எங்கியோ சொட்டும், சொட்டற எடத்துல பூசி என்ன ஆவப்போவுது?" என்று அவனை ஒரு வழி பண்ணியிருப்பாய்.

இந்த வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மேலே ஹோஸில் தண்ணீர் விட வேண்டும். மற்றவர் கீழே நின்று முதல் சொட்டு எங்கே கிளம்புகிறது என்று பார்க்க வேண்டும். அதைத் தவறவிட்டால் எல்லா இடமும் நனைந்து ஒன்றும் விளங்காது. கல்யாணமான புதிதில் முதல்முறையாக இப்படிப் பார்த்தோமே, நினைவிருக்கிறதா? நான் ஏணியில், நீ கீழே. நீ பாகலூர்ப் பக்கத்துத் தெலுங்கு வீட்டுப் பெண். என்னிடம் தமிழில்தான் பேசுவாய், அவசரம் வந்தால் மட்டும் தெலுங்கு வந்துவிடும். சொட்டைக் கண்டதும் "சாலு, சாலு" என்று கத்தினாய். உங்கள் வீட்டில் அதற்குப் 'போதும்' என்று அர்த்தம். சாமல்பட்டியிலிருந்து வேலைக்கு வந்த எனக்கோ கம்பெனியில் கற்ற சாலுதான் தெரியும். அங்கே கன்னடக்காரரும் வடக்கத்திக்காரரும் 'மிஷின் சாலு பண்ணு' என்றால் ஓடவிடு என்று பொருள். நீ கத்தக் கத்த நான் தண்ணீரைக் கூட்டிக்கொண்டே போனேன். கீழே பார்த்தபோது தலை முதல் கால் வரை நனைந்து, இடுப்பில் கைவைத்து நின்றுகொண்டிருந்தாய்.

"சாலுன்னா போதும்னு. எங்க அம்மா ஊட்டு சாலு அது. உங்க கம்பெனி சாலுவ கம்பெனியிலயே வெச்சிட்டு வாங்க."

அதன் பிறகு அது நம் வீட்டு விளையாட்டாகிவிட்டது. சோறு போடும்போது நீ சாலு என்பாய். "ஓடவிடச் சொன்னியே" என்று நான் இன்னொரு கரண்டி வைப்பேன். நீ தட்டை இழுத்துக்கொண்டு திட்டுவாய்.

ஆஸ்பத்திரியிலும் அதைத்தான் செய்தேன். கஞ்சி இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. "சாலு" என்றாய். "ஓடவிடணுமா?" என்று ஸ்பூனைத் திரும்ப எடுத்துவந்தேன். நீ சிரிக்கவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்து மெல்லக் கீழே இறக்கினாய். "போதுங்க" என்றாய், தமிழில். எனக்கு வேறு அர்த்தம் வந்துவிடக் கூடாது என்றுதானே மொழியை மாற்றினாய்? கஞ்சியை மட்டும் நீ சொல்லவில்லை என்பது எனக்குத் தெரிந்துவிட்டது. கிண்ணத்தைக் கழுவப் போகிற சாக்கில் வெளியே போய் அழுதேன்.

ஒழுகலைத் தனியாகக் கண்டுபிடிக்கப் பார்த்தேன். ஹோஸைத் தகரத்தில் செருகிவிட்டு ஏணியிலிருந்து இறங்கி ஓடிவருவேன். அதற்குள் சுவரெல்லாம் நனைந்திருக்கும். தண்ணீரை நிறுத்தி, காயவிட்டு, மறுபடி ஏறுவேன். ஒருநாள் பாதி ஏணியில் உட்கார்ந்து உன்னை வாய்க்கு வந்தபடி திட்டினேன். ரெண்டு பேர் வேலையில் ஒருத்தரை விட்டுவிட்டுப் போவது என்ன நியாயம் என்று கேட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மகள் வந்தாள். நீ நின்ற இடத்திலேயே நின்றாள். நான் தண்ணீர் விட்டேன். "நிறுத்துங்கப்பா" என்றாள். உடனே புரிந்து நிறுத்திவிட்டேன். அப்படி ஒரே சொல்லில் புரிந்துபோனதில் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பாவம், அவளுக்கு என்ன தெரியும்?

ஓட்டையே இல்லை என்று அவள்தான் பார்த்துச் சொன்னாள். சுவரோரம் கட்டையில் அடித்திருந்த கொக்கி கழன்று, தகரம் அங்கே தொய்ந்துவிட்டது. வாட்டம் குழாய்ப் பக்கம் இல்லாமல் சுவர்ப் பக்கம் மாறி, தண்ணீர் தேங்கிப் பின்விளிம்பால் வழிந்து உள்ளே போயிருக்கிறது. இல்லாத ஓட்டைக்கு இத்தனை டியூப் பூசியிருக்கிறேன். கட்டையில் உளுத்த இடத்தை விட்டுச் சற்றுத் தள்ளிக் கொக்கி அடித்து, நூல் பிடித்து வாட்டம் சரிசெய்தோம். போர்டையும் மாற்றியாயிற்று.

நேற்று பெரிய மழை. குழாயில் தண்ணீர் கொட்டுகிற சத்தம் வீடு முழுக்கக் கேட்டது. மகள் போன் செய்தாள்.

"ஒழுகுதாப்பா?"

"இல்லம்மா."

"அப்ப சரி. அங்கியே இருங்க. இனிமே எங்கூட வாங்கன்னு கூப்பிட மாட்டேன்."

நான் கேட்டது கிடைத்துவிட்டது. ஒழுகியவரை உன்னோடு ஒரு வேலை பாக்கி இருந்தது, ஏணியில் ஏறி உன்னிடம் கேட்கவும் சண்டை பிடிக்கவும் காரணம் இருந்தது. இப்போது அதுவும் முடிந்துபோயிற்று. எந்த வீட்டுக்காக அடம்பிடித்தேனோ அதில் எனக்குச் செய்ய ஒன்றுமில்லை. குடையோடு வெளியே போய்த் தகரத்தின் அடியைக் கையால் தடவிப் பார்த்தேன். நன்றாகக் காய்ந்திருந்தது. உள்ளே வந்து சமையலறைப் பக்கம் திரும்பி, "ஒரு சொட்டு இல்ல, வந்து பாரு" என்றேன். சொன்ன பிறகுதான் உறைத்தது. ஆனாலும் பதில் வருமா என்று கொஞ்ச நேரம் நின்றிருந்தேன்.