முன்வாசல் மெட்டல் டிடெக்டர் சார்ஜ் இறங்கியது குறித்துப் பின்வாசல் காவலரின் மனு

அனுப்புநர்
பின்வாசல் காவலர் (பணி எண் 27),
அரசு அலுவலக வளாகம்.

பெறுநர்
பாதுகாப்பு அலுவலர் அவர்கள்,
அரசு அலுவலக வளாகம்.

பொருள்: உள்ளேயே பேட்டரி பொருத்திய புதிய மெட்டல் டிடெக்டரை முன்வாசலுக்கு மட்டும் வழங்கியது – 7ஆம் தேதி அது நின்றுபோனது – துப்புரவுப் பணியாளர் மீதான நடவடிக்கையைக் கைவிடக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் குறிப்பாணை, நாள் 9.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் பதினொரு ஆண்டுகளாகப் பின்வாசலில் பணிபுரிகிறேன். என் டிடெக்டர் இரண்டு செல் போட்டு இயங்குவது. தீர்ந்த செல் இரண்டையும் ஸ்டோரில் ஒப்படைத்துப் படிவத்தில் கையெழுத்திட்டால்தான் புதியது கிடைக்கும். செல் மூடி உடைந்து, ரப்பர் பேண்டு போட்டு வைத்திருக்கிறேன். இது குறித்து மூன்று முறை எழுதியும் பதில் இல்லை.

2. முன்வாசல் காவலர் என் சகலை; என் மனைவியின் தங்கையை மணந்தவர். பணியில் என்னைவிட ஆறு ஆண்டு இளையவர். அவரைச் சிபாரிசு செய்து சேர்த்துவிட்டதே நான்தான். சென்ற மாதம் வந்த ஒரே புதிய டிடெக்டரை அவருக்கு வழங்கினீர்கள். அதில் செல் மாற்றும் வேலையே இல்லை. மாலையில் ஓய்வறையில் சார்ஜ் போட்டுவிட்டுப் போனால் மறுநாள் முழுக்க ஓடும். பச்சை விளக்கு வேறு எரியும். எனக்கு வயிறு எரிந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

3. வீட்டு விஷயத்தை மனுவில் எழுதுவது முறையல்ல என்று அறிவேன். ஆயினும், ஞாயிறன்று எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்த சகலை, அந்த டிடெக்டரின் படத்தைப் போனில் எல்லோருக்கும் காட்டினார். "செல்லே போட வேண்டாமாம், பார்த்தீங்களா?" என்று என் மனைவி என்னிடமே கூறினார். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

4. 7ஆம் தேதி காலை பத்தரை மணிக்கு, வரிசை தெருவரை நின்றபோது, புதிய டிடெக்டர் சார்ஜ் இறங்கி நின்றது. பேட்டரி உள்ளே அடைபட்டுக் கிடப்பதால் வேறு செல் போடவும் வழியில்லை. சகலை பின்வாசலுக்கு ஓடிவந்து, "அண்ணே, உங்க மிஷினைக் கொஞ்சம் குடுங்க, மானம் போகுது" என்றார். ரப்பர் பேண்டோடு எடுத்துக் கொடுத்தேன். அந்த நிமிடம் எனக்கிருந்த சந்தோஷத்தைத் தங்களிடம் சொல்வது மரியாதையாக இருக்காது. பின்வாசலை ஒரு மணி நேரம் பூட்டி வைத்தேன்.

5. அந்த ஒரு மணி நேரத்தில்தான், ஒருவர் இடுப்பில் செருகியிருந்த கத்தியை என் டிடெக்டர் காட்டிக்கொடுத்தது. என் கையில் இருந்த பதினொரு ஆண்டும் சாவிக்கொத்துக்கும் பெல்ட்டுக்கும் மட்டுமே கத்திய கருவி அது. பாராட்டுச் சான்றிதழ் சகலைக்குக் கிடைத்தது. அதில் "நவீனக் கருவியின் உதவியுடன்" என்று அச்சிடப்பட்டுள்ளது. அதை ஃபிரேம் போட்டுக் கொடுத்தவர் என் மனைவி.

6. ஓய்வறையைப் பெருக்கும்போது துப்புரவுப் பணியாளர்தான் சார்ஜரைப் பிடுங்கிவிட்டார் என்று கருதி, தங்கள் குறிப்பாணையில் அவரைப் பணிநீக்கம் செய்யப்போவதாகத் தெரிவித்துள்ளீர்கள். நாங்கள் எல்லோரும் அக்கா என்று அழைக்கும் அவரது வீட்டில் சம்பளம் வாங்குபவர் அவர் ஒருவரே. நேற்று என்னிடம் வந்து, "நான் அந்தப் பிளக்குப் பக்கமே போகலைப்பா. உனக்குத்தான் நல்லா எழுத வருமே, எனக்கு ஒரு பதில் எழுதிக் குடு" என்று கேட்டார். பேனாவை எடுத்தேன், ஒரு வரிகூட ஓடவில்லை. அவருக்காக எழுத வேண்டிய பதிலைத்தான் என் பெயரில் எழுதுகிறேன்.

7. சார்ஜரைப் பிடுங்கியவன் நான். 6ஆம் தேதி மாலை சகலை கிளம்பியதும், என் போனுக்குச் சார்ஜ் போட வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு பிடுங்கினேன். போனில் அப்போது எண்பது சதவீதம் இருந்தது. திரும்பச் செருகாமல் வீட்டுக்குப் போனேன்.

ஆகவே, குறிப்பாணையை ரத்து செய்து அக்காவைப் பணியில் தொடர அனுமதிக்குமாறும், அந்த நடவடிக்கையை என் மீது எடுக்குமாறும் பணிந்து வேண்டுகிறேன். கத்தியைப் பிடித்தது என் டிடெக்டர்தான் என்று சான்றிதழைத் திருத்தித் தரக் கேட்கவே முதலில் இந்தத் தாளை எடுத்தேன். அதைக் கேட்க இப்போது எனக்கு வாயில்லை.

ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்கிறேன். என்னை வேலையைவிட்டு அனுப்பினால், என் டிடெக்டரை யாருக்கு வேண்டுமானாலும் கொடுங்கள். என் சகலைக்கு மட்டும் வேண்டாம், ஐயா.

இடம்: பின்வாசல் காவலறை
நாள்: 12

தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்,
(கையொப்பம்)
பின்வாசல் காவலர், பணி எண் 27